தங்கவயலின் மண்மேடுகளைப் படித்தல்

1

கோலார் தங்கவயலின் செயற்கைக்கோள் படத்தைத் திரையில் விரித்துப் பார்ப்பவரை முதலில் ஏமாற்றுவது வெளிச்சம். படங்கள் வடக்கு மேலே இருக்கும்படிதான் நமக்குக் கிடைக்கின்றன. அவற்றை எடுக்கும் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை முற்பகல் பத்தரை மணிவாக்கில் தலைக்கு மேல் கடந்துபோகின்றன. மார்கழியில் அந்த நேரத்துச் சூரியன் தென்கிழக்கில் நிற்கும். நிழல் வடமேற்கே, படத்தின் மேற்புறமாக விழும். நம் கண்ணோ வெளிச்சம் மேலிருந்து வருவதற்கே பழகியது. ஒரு வடிவத்தின் மேல்விளிம்பு இருண்டும் கீழ்விளிம்பு வெளுத்தும் இருந்தால் அது குழி என்று மூளை முடிவுகட்டிவிடுகிறது. அதனால் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடு பள்ளமாக அமுங்கித் தெரிகிறது. பக்கத்துக் கல்குவாரி குன்றாகப் புடைத்து எழுகிறது. படத்தைத் தலைகீழாகத் திருப்பினால்தான் இரண்டும் தத்தம் நிலைக்கு வருகின்றன.

தங்கவயல் 13 டிகிரி வடக்கு அட்சரேகையை ஒட்டி இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை இங்கே உச்சிவேளைச் சூரியன் தலைக்கு வடக்கே நகர்ந்துவிடும். ஆனி மாதத்து முற்பகலில் நிழல் தென்மேற்கே சாயும். அப்போது எடுத்த படத்தில் அதே மேடு மேடாகவே தெரியும். மார்கழியில் பள்ளமாகவும் ஆனியில் மேடாகவும் ஒரே மண் காட்சி தருகிறது என்றால், படத்தைப் பார்க்கும் முன் அது எடுக்கப்பட்ட தேதியையும் நேரத்தையும் பார்த்தாக வேண்டும்.

இந்த முதல் பாடத்தைச் சற்று விரித்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. வான்படத்தைப் பார்த்து, தரையில் கிடக்கும் ஒரு மேட்டையோ வரப்பையோ வளைந்த பள்ளத்தையோ போர்க்காலத்து வேலையென்று அடையாளம் காண்பது உலகம் முழுக்க ஆர்வலர்களும் தொல்லியலாளர்களும் ஈடுபடும் ஒரு பணி. பதுங்குகுழி, பீரங்கி மேடை, விமானத்தை மறைத்து நிறுத்திய மண்கரை, குண்டுக் கிடங்கைச் சுற்றிய மேடு என அவர்கள் தேடும் பட்டியல் நீளமானது. அந்தத் தேடலைக் கோலார் வட்டாரத்துக்குக் கொண்டுவந்தால் ஒரு சிக்கல் எதிரே நிற்கிறது. இங்கே நிலம் நெடுங்காலமாகத் தோண்டப்பட்டது, கொட்டப்பட்டது, கிளறப்பட்டது. எந்தக் கோணத்தில் படமெடுத்தாலும் மேடுகளுக்குப் பஞ்சமில்லை. எது போரின் மேடு, எது பிழைப்பின் மேடு என்பதை மேலிருந்து எந்த அளவுக்குச் சொல்ல முடியும்? சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது? எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இரண்டு கேள்விகளும்தான்.

2

வான்படத்தைப் படிக்கும் இந்தக் கலை போரில் பிறந்தது. முதல் உலகப்போரில் எதிரியின் பதுங்குகுழிகளை வேவு பார்க்க விமானங்களில் கேமராவை ஏற்றினார்கள். மெசபொட்டேமியப் போர்முனையில் வரைபட வேலையில் இருந்த பீஸ்லி என்ற பிரிட்டிஷ் அதிகாரி, சாமர்ரா அருகே எடுத்த படங்களில் பழைய நகரம் ஒன்றின் தெருக்களும் வாய்க்கால்களும் தெரிவதைக் கண்டார். தரையில் நடந்துபோனால் காலில் இடறக்கூடச் செய்யாத மண்தடங்கள் அவை. அவர் அதை 1919இல் எழுதி வெளியிட்டார்.

அதே போரில் விமானத்தில் அமர்ந்து வேவு பார்த்த ஓ.ஜி.எஸ். கிராஃபோர்டு பின்னர் பிரிட்டனின் நில அளவைத் துறையில் தொல்லியல் அதிகாரியானார். 1921இல் விமானப்படை எடுத்த படங்களை 1923இல் ஆராய்ந்தபோது, ஸ்டோன்ஹெஞ்சிலிருந்து நீளும் பழைய பாதை ஒன்றின் மறைந்துபோன பகுதி மெல்லிய கோடுகளாக அவருக்குத் தெரிந்தது. கோடு கிடைத்ததும் அவர் அறிவித்துவிட்டு நிற்கவில்லை. அந்த ஆண்டே அந்த இடத்துக்குப் போய் மண்ணை வெட்டிப் பார்த்தார். படத்தில் கோடு விழுந்த இடத்தில் தரையில் பழைய பள்ளம் இருந்தது. வானில் பார்த்ததைத் தரையில் உறுதி செய்யும் இந்த ஒழுங்கைத்தான் அவர் இந்தத் துறைக்கு விட்டுப்போன பெரிய சொத்தாக நான் கருதுகிறேன்.

புதைந்த பள்ளம் மேலிருந்து தெரிவதற்கு மூன்று வழிகள் உண்டு. காலையோ மாலையோ வெயில் சாய்வாக விழும்போது ஒரு முழ உயர மேடுகூட நீண்ட நிழல் போடும். உழுத வயலில், தோண்டி மூடிய இடத்து மண் வேறு நிறம் காட்டும். பயிர் நிற்கும்போது, பழைய பள்ளத்தின் மேல் வளர்ந்தது ஆழமான ஈரத்தை உறிஞ்சிக் கூடுதல் பச்சையாக நிற்கும். புதைந்த கல்லின் மேல் வளர்ந்தது முன்னதாகவே வாடும். கோலார் மாவட்டத்தின் கேழ்வரகு நிலத்துக்கும் இந்த விதி பொருந்தும். தை, மாசியில் மற்ற இடமெல்லாம் காய்ந்த பின்னும் ஒரு கோட்டில் மட்டும் புல் பச்சை தாங்கி நின்றால், அந்தக் கோட்டுக்குக் கீழே யாரோ எப்போதோ வெட்டியிருக்கிறார்கள் என்று ஐயப்படலாம். 2018 முதல் பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீர் கோலார் ஏரிகளை நிரப்பத் தொடங்கிய பிறகு, நிலத்தடி ஈரம் ஏறிய இடங்களில் இந்தத் தடயம் மங்கும். வறண்ட காலத்துப் பழைய படங்களின் மதிப்பு அதனால் கூடியிருக்கிறது.

இரண்டாம் உலகப்போரில் இந்தப் பார்வை இன்னும் கூர்மையானது. ஒரே நிலத்தைச் சற்று இடம்மாறி எடுத்த இரண்டு படங்களை ஜோடியாக வைத்து இரட்டை லென்ஸ் வழியே பார்த்தால் மேடு மேலெழும், பள்ளம் உள்ளிறங்கும். வெளிச்சத்தின் ஏமாற்று அங்கே செல்லாது. இங்கிலாந்தின் மெட்மனத்தில் பல நூறு பேர் இந்த வேலையைப் பார்த்தார்கள். பெண்களும் ஏராளமாக இருந்தார்கள். 1943 இறுதியில் ஜெர்மானியரின் பறக்கும் குண்டைப் பீனமுண்டேயின் படமொன்றில் கண்டுபிடித்த கான்ஸ்டன்ஸ் பாபிங்டன் ஸ்மித் அவர்களில் ஒருவர்.

போருக்குப் பிந்தைய படங்களில் நமக்கு மிகவும் பயன்படுபவை அமெரிக்காவின் கரோனா உளவுச் செயற்கைக்கோள்கள் 1960க்கும் 1972க்கும் இடையே எடுத்தவை. 8 லட்சத்துக்கும் மேற்பட்ட அந்தப் படங்கள் 1995இல் ரகசியக் காப்பிலிருந்து விடுவிக்கப்பட்டன. நகரங்கள் ஊதிப் பெருக்காத, நிலம் பொக்லைன் காணாத காலத்து ஆசியா அவற்றில் இருக்கிறது.

3

கோலாருக்குப் போர் வந்ததா என்று கேட்கலாம். இங்கே குண்டு விழவில்லை. ஆனால் போரின் ஏற்பாடுகள் வந்தன.

1942 ஏப்ரல் 5ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. 9ஆம் தேதி திருகோணமலை. சென்னை நகரம் பாதி காலியானது. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் போயின. 1943 அக்டோபரில் சென்னை மீதே ஒரு விமானம் வந்து குண்டு வீசிப்போனது. அந்த ஆண்டுகளில் இந்தியா முழுக்க 200க்கு மேற்பட்ட விமானத்தளங்களை அமைக்கும் திட்டம் அவசரகதியில் நடந்தது. தமிழ்நாட்டில் சூலூர், உளுந்தூர்ப்பேட்டை, சோழவரம், அரக்கோணம், செட்டிநாடு, கயத்தாறு எனப் பல ஊர்களின் ஓடுபாதைகள் அந்தக் காலத்தவை. சோழவரம் பின்னாளில் கார்ப் பந்தயத் திடலானது. அரக்கோணம் 1992இல் கடற்படையின் ராஜாளித் தளமானது. சில ஊர்களில் ஓடுபாதைமேல் நெல்லும் மிளகாயும் காய்கின்றன.

கோலாரிலும் பிரிட்டிஷ் விமானப்படைக்கு ஒரு தளம் இருந்தது. லிபரேட்டர் என்னும் நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானத்தை ஓட்டப் பயிற்சி தந்த 1673ஆம் கனரகப் பயிற்சிப் பிரிவு அங்கே இயங்கியது. 1944 நவம்பர் 8ஆம் தேதி அந்தப் பிரிவிலிருந்து 358ஆம் ஸ்குவாட்ரன் கோலாரில் உருவாக்கப்பட்டது. அது 1945 ஜனவரியில் மாண்டலே மீது ஒருமுறை குண்டுவீசியது. அதன்பின் எதிரியின் பகுதிக்குள் ஒற்றர்களையும் தளவாடங்களையும் இறக்கும் ரகசியப் பணிக்கு மாற்றப்பட்டது.

அக்காலத்து விமானத்தளம் ஒன்று தரையில் என்னென்ன தடங்களை விட்டுப்போகும் என்பது தேடுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். விமானங்களை ஓரிடத்தில் குவித்து நிறுத்தினால் ஒரே குண்டில் எல்லாம் போய்விடும். ஆகவே ஓடுபாதையிலிருந்து கிளைபிரியும் பாதைகளின் முனைகளில் தள்ளித்தள்ளி நிறுத்துவார்கள். முக்கியமானவற்றுக்கு மூன்று பக்கம் மண்கரை எழுப்பி ஒரு பக்கத்தைத் திறந்து விடுவார்கள். மேலிருந்து பார்த்தால் அது குதிரைலாட வடிவம். இங்கே அளவுதான் சாட்சி. ஹரிக்கேன் போர்விமானத்தின் இறக்கை விரிவு சுமார் 12 மீட்டர். லிபரேட்டருக்குச் சுமார் 33.5 மீட்டர். இருபது மீட்டர் அகலமுள்ள ஒரு மண்லாடத்தைக் காட்டி அதற்குள் லிபரேட்டர் நின்றது என்று யாராவது சொன்னால் அளவுநாடா அதை மறுத்துவிடும்.

ஆட்கள் பதுங்கும் குழி குறுகலானது. நேராக நீளாமல் கோணல்மாணலாகத் திரும்பித் திரும்பிப் போகும். ஒரு முனையில் குண்டு வெடித்தால் அதன் அதிர்ச்சி அடுத்த முனைவரை ஓடாமல் தடுக்கவே அந்தத் திருப்பங்கள். குண்டுக் கிடங்கு ஓடுபாதையிலிருந்து நெடுந்தூரம் தள்ளி இருக்கும். ஒன்று வெடித்தால் அடுத்தது தப்ப வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு அறையையும் சுற்றி மண்மேடும், வண்டி நுழைய ஓர் இடைவெளியும் இருக்கும். இத்தகைய தடங்களில் ஏதோ ஒன்று தனியாகக் கிடைத்தால் அது குறிப்பு மட்டுமே. ஓடுபாதை, அதிலிருந்து பிரியும் பாதை, பாதை முனையில் மேடு, தள்ளி ஒரு கிடங்கு என்று ஒன்றையொன்று தாங்கி நின்றால் அப்போது அதற்குச் சாட்சியத்தின் பலம் வருகிறது.

4

இனி, போட்டி போடும் மேடுகளைப் பார்ப்போம்.

1802இல் மைசூர் நாட்டின் கிழக்கு எல்லையை அளக்க வந்த ஜான் வாரன், இந்தப் பக்கத்து மக்கள் மண்ணை அரித்துத் தங்கப்பொடி எடுப்பதையும் மாரிகுப்பத்தில் குழிகளுக்குள் இறங்கிக் கல் வெட்டிக்கொண்டுவருவதையும் பார்த்து எழுதினார். அவருக்கு வெகுகாலம் முன்பே இங்கே சுரங்கக் குழிகள் இருந்தன. 1870களில் லவெல் என்ற அயர்லாந்துக்காரர் உரிமம் வாங்கித் தோண்டினார். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் வந்தது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்படும்வரை சுமார் 800 டன் தங்கம் எடுக்கப்பட்டது. ஒரு டன் பாறையை அரைத்தால் கிராம் கணக்கில்தான் தங்கம் கிடைக்கும். மிச்சமெல்லாம் சயனைடில் அலசிய சாம்பல்நிறச் சேறாக வெளியே வந்து சயனைடு மேடுகளாகக் குவிந்தது. தட்டையான உச்சி, மழை அரித்த செங்குத்துப் பக்கங்கள், அடியைச் சுற்றி அணைப்புக்கரை. உரிகம், சாம்பியன் ரீஃப், மாரிகுப்பம் என்று நடந்தால் எந்தத் தெருமுனையிலும் அவற்றில் ஒன்றின் பக்கம் கண்ணில் படும். இந்த மேடுகளைப் பெரிய கோட்டைமதில் என்று யாரும் மயங்கப்போவதில்லை. மயக்கம் வருவது சின்ன வடிவங்களில்தான்.

சுரங்கத்துக்கு வெடிமருந்து வேண்டும். அதை வைக்கும் கிடங்கு குடியிருப்பிலிருந்து தள்ளி இருக்கும். விபத்து நேர்ந்தால் வெடிப்பு மேல்நோக்கிப் போகும்படி சுற்றிலும் மண்மேடு எழுப்பி, நுழைய ஓர் இடைவெளி விடுவார்கள். விமானப்படையின் குண்டுக் கிடங்கும் சுரங்கத்தின் டைனமைட் கிடங்கும் ஒரே பயத்துக்கு எழுப்பிய ஒரே பதில். மேலிருந்து எடுத்த படம் இரண்டையும் பிரித்துக் காட்டாது.

இப்படியொரு வடிவத்தை அச்செடுத்த படத்தில் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி ஒருவரிடம் காட்டினேன். அவர் முதலில் வடிவத்தைப் பார்க்கவே இல்லை.

"ஸ்டேஷன் எந்தப் பக்கம் தம்பி? உரிகம் ஸ்டேஷன்?"

காட்டினேன். தாளை மடியில் திருப்பி, ஸ்டேஷன் தமக்கு எதிரே வரும்படி வைத்துக்கொண்டார். விரலால் ரயில்பாதையைப் பிடித்து, தொழிலாளர் லைன் வீடுகளின் வரிசையைத் தாண்டி, சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் இருக்கும் இடம்வரை வந்தார்.

"இது மருந்து கிடங்கு. பக்கத்துல போக விடமாட்டாங்க. பீடி, தீப்பெட்டி எல்லாம் வாசல்லயே குடுத்துட்டுத்தான் உள்ள போகணும்."

"மிலிட்டரிக்காரங்க கட்டுனதா இருக்குமோ ஐயா?"

"மிலிட்டரி எங்க வந்துச்சு இங்க? எங்க அப்பா காலத்துலயே இருக்குதுன்னு சொல்வாங்க."

அவர் சொல்வதை அப்படியே ஆவணமாக்கிவிட முடியாது. அப்பா காலம் என்பது போருக்கு முன்னும் இருக்கலாம், போர்க்காலமாகவும் இருக்கலாம். சுரங்க நிர்வாகத்தின் பழைய வரைபடத்தோடு ஒத்துப்பார்க்க வேண்டும். ஆனாலும் அவர் செய்த முதல் காரியம் எனக்கு முக்கியமானது. நான் படத்தில் வடிவத்தைத் தேடினேன். அவர் வழியைத் தேடினார். எங்கிருந்து நடந்துபோவோம், வழியில் என்ன வரும், யார் தடுப்பார்கள் என்ற வரிசையில்தான் அவருடைய நிலம் இருக்கிறது. கிடங்கு எதற்காக என்பதை அந்த வழியே சொல்லிவிட்டது. ஷாஃப்டை நோக்கிப் போகும் பாதையில் இருக்கும் கிடங்கு ஷாஃப்டுக்குச் சொந்தம். ஓடுபாதையை நோக்கிப் போனால் விமானத்துக்குச் சொந்தம். மேட்டைவிட மேட்டுக்குப் போகும் வழி அதிகம் பேசுகிறது என்பதை வான்படத் துறைக்காரர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

வேறு மயக்கங்களும் உண்டு. நீலகிரி மரத் தோப்புகளில் வரிசைவரிசையாக, ஒன்றுவிட்டு ஒன்று தள்ளி, குறுகலான குழிகள் தெரியும். பதுங்குகுழி தேடுகிறவரின் நெஞ்சு படபடக்கும். பெரும்பாலும் அவை மழைநீரைத் தேக்க வனத்துறையோ ஊரக வேலைத் திட்டமோ வெட்டிய சமமட்டக் குழிகளாக இருக்கும். சோதிக்க எளிய வழி உண்டு: அந்த இடத்தின் 1960களின் கரோனா படத்தை எடுத்துப் பார்க்கலாம். தெளிவான படத்தில் அன்று இல்லாதது 1944இல் இருந்திருக்க முடியாது. ஏரிக்கரை வளைவு தண்ணீரின் பக்கம் பள்ளமும் மறுபக்கம் புடைப்புமாக, ஓரத்தில் மதகும் கலங்கலுமாக நிற்கும். செங்கல் சூளைக்கு மண்ணெடுத்த குழி சதுரமும் செவ்வகமுமாக, ஆழமில்லாமல், ஊரை ஒட்டி இருக்கும். கிரானைட் குவாரியின் ஓரத்தில் கழிவுப் பாறைகள் விசிறிபோல் சரிந்திருக்கும்.

இவையெல்லாம் கழிந்த பிறகும், எந்தப் போர் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. தங்கவயலுக்குப் பக்கத்திலுள்ள பூதிகோட்டையில்தான் ஐதர் அலி பிறந்தார். 1768இல் கோலாரும் முளுபாகலும் அவருக்கும் ஆங்கிலேயருக்கும் இடையே கைமாறின. அந்த அக்டோபரில் முளுபாகலில் பெரிய சண்டை நடந்தது. 1791இல் ஆங்கிலேயத் தளபதி காரன்வாலிஸ் தன் படையோடு முகிலிக் கணவாய் ஏறி, கோலார் வழியாகத்தான் பெங்களூருக்குப் போனார். அந்தப் படைகளும் பாளையமிறங்கிய இடங்களில் மண்ணை வெட்டின. போர்க்காலத்து மண்வேலை என்று ஒருவர் சொன்னால் எந்த நூற்றாண்டின் போர் என்பதையும் அவர் சொல்லியாக வேண்டும்.

5

போர்த்தடம் தேடும் எழுத்துகளில் எனக்கு ஒரு குறை எப்போதும் தோன்றும். மேடு எந்தப் படைக்குச் சொந்தம், எந்த விமானம் நின்றது, எந்த அதிகாரி ஆணையிட்டார் என்பதெல்லாம் நுணுக்கமாக எழுதப்படும். மண்ணைச் சுமந்தவர் யார் என்ற கேள்வி வருவதில்லை. இந்தியாவின் போர்க்கால ஓடுபாதைகளில் பலவற்றை ஆயிரக்கணக்கான கூலியாட்கள் மண்வெட்டியும் கூடையுமாகச் சமன் செய்தார்கள். தலையில் கல் சுமந்து வரிசையில் போகும் பெண்களைப் பின்னணியில் நிற்கும் விமானத்தோடு சேர்த்து எடுத்த புகைப்படங்கள் அன்றைய ராணுவ ஆவணங்களில் நிறைய உண்டு. விமானத்தின் பெயர் படத்துக்குக் கீழே அச்சிடப்பட்டிருக்கும்.

தங்கவயலின் மேடுகளுக்கும் இதே கதை. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் வந்த தமிழர்களே, அவர்களிலும் பெரும்பான்மையாக ஆதிதிராவிடர்களே, பூமிக்குள் இறங்கினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே 30,000க்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. பாறை வெடித்துச் சிதறும் ராக் பர்ஸ்டில் செத்தவர்களும் பாறைத்தூசி நுரையீரலில் படிந்து மெல்லமெல்ல மூச்சை இழந்தவர்களும் எண்ணற்றோர். எந்தக் கேமராவும் எட்டாத அந்த ஆழத்துக்கு மேலே தெரியும் ஒரே அடையாளம் சயனைடு மேடு.

கோலாரிலிருந்து கிளம்பிய ஒரு கோடு நம்மை இன்னொரு மண்மேட்டுக்கும் கொண்டுபோகிறது. லிபரேட்டர் விமானங்கள் 1944, 45ஆம் ஆண்டுகளில் தாக்கிய இலக்குகளில் ஒன்று சயாம்–பர்மா இருப்புப்பாதை. 415 கிலோமீட்டர் நீளப் பாதையை ஜப்பானியர் 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கு மேல் அதில் வதைபட்டார்கள்; 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளிகளின் எண்ணிக்கை அதைப்போலப் பல மடங்கு. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அவர்களில் பெரும் கூட்டம். இறந்த ஆசியத் தொழிலாளிகள் 90,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். மதிப்பீடுதான் உண்டு, பெயர்ப்பட்டியல் இல்லை.

போரின் கடைசி ஆண்டுகளில் அந்தப் பாதையின் பாலங்களும் மண்கரைகளும் மலைவெட்டுகளும் வான்படங்களில் துல்லியமாக அளக்கப்பட்டன. மேலிருந்து பார்த்தவருக்குத் தண்டவாளம் தெரிந்தது, கொட்டகைகள் தெரிந்தன. கொட்டகைக்குள் இருப்பவர் காவலரா கைதியா என்பதைப் படம் சொல்லவில்லை. 1944 செப்டம்பரில் நாங் பிளாடுக் ரயில் முனையத்தைத் தாக்கியபோது பக்கத்து முகாமிலிருந்த போர்க்கைதிகள் பலர் தம் தரப்பு விமானங்களின் குண்டுகளாலேயே மாண்டார்கள். வான்படத்தைப் படிப்பது அறிவுக்கான பயிற்சி மட்டுமாக இருந்திருந்தால் இதை இங்கே எழுதியிருக்க மாட்டேன். படம் காட்டாததைப் பார்வையாளர் மறந்துவிட்டால் அதன் விலையைத் தரையில் இருப்பவர் தருகிறார்.

போர் முடிந்ததும் போர்க்கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியிலும் பர்மாவின் தன்பியுஸயாட்டிலும் வரிசைவரிசையான கல்லறைகளோடு மயானங்கள் அமைந்தன. அந்த வரிசைகளை இன்று செயற்கைக்கோள் படத்திலேயே எண்ணிவிடலாம். தமிழ்த் தொழிலாளிகள் காட்டோரத்தில் கூட்டங்கூட்டமாகப் புதைக்கப்பட்டார்கள். அவர்களுக்காகக் காஞ்சனபுரியில் ஒரு நடுகல் நிற்க 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர்கள் விட்டுப்போன மிகப்பெரிய அடையாளம் அந்த ரயில்பாதையின் மண்கரைதான்.

6

தங்கவயலின் மேடுகளுக்கு இப்போது காலக்கெடு வந்திருக்கிறது. சயனைடு மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தைப் புதிய முறையில் பிரித்தெடுக்கும் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 13 மேடுகள், ஆயிரம் ஏக்கருக்குச் சற்று மேல், 3.3 கோடி டன் மண். காற்று வீசும் மாதங்களில் அந்தத் தூசியைச் சுவாசித்தே வாழ்ந்த மக்களுக்கு மேடு போவது நல்லதாகவும் இருக்கலாம். வேலை கிடைத்தால் அதைவிட நல்லது. 2001க்குப் பிறகு விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்பும் ஊர் அது. மேடுகளைப் புனிதச் சின்னங்களாக நிறுத்திவைக்கச் சொல்லி நான் வாதாடவில்லை.

நான் கேட்பது, அள்ளுவதற்கு முன் படிக்க வேண்டும் என்பதே. பொக்லைன் ஒருமுறை சுற்றிவிட்டால் எது சுரங்கத்தின் கரை, எது போர்க்காலக் கரை, எது அதற்கும் முந்தைய குழி என்பதை எந்தச் செயற்கைக்கோளும் மீட்டுத்தராது. அதற்கு வேண்டிய கருவிகள் இன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. கரோனா படங்கள் திறந்துகிடக்கின்றன. 2021 பிப்ரவரியில் இந்திய அரசு வரைபடம், வான்படம் சார்ந்த கட்டுப்பாடுகளைப் பெரிதும் தளர்த்தியது. டிரோனைக் காலைச் சாய்வெயிலில் ஏற்றி ஒன்றன்மேல் ஒன்று படியும்படி படங்கள் எடுத்தால், மெட்மனத்தில் இரட்டை லென்ஸ் வைத்துப் பார்த்த மேடுபள்ளத்தைக் கணினியே வரைந்து தருகிறது. லண்டனில் உள்ள விமானப்படை ஆவணங்களையும் தங்கவயலின் சுரங்க வரைபடங்களையும் ஒரே மேசையில் விரித்துப் பார்க்க ஒரு பல்கலைக்கழகத் துறை மனம் வைத்தால் போதும்.

கருவியைவிட அவசரமானது மனிதர்களின் நினைவு. சுரங்கம் மூடியபோது ஐம்பது வயதில் இருந்தவர்கள் இன்று எழுபது தாண்டிவிட்டார்கள். எந்த மேட்டுக்கு அடியில் எந்த வாய்க்கால் ஓடியது, எந்தக் கரையைத் தம் தாத்தா எந்த வருஷத்து மழைக்குப் பிறகு உயர்த்தினார், எந்தப் பக்கம் சிறுவர்கள் போகக்கூடாது என்று அம்மா மிரட்டினாள் என்பதெல்லாம் அவர்களிடம் இருக்கின்றன. படத்தை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். அவர்கள் விருப்பப்படி திருப்பிப் பிடிக்க விட வேண்டும். அவர்கள் சொல்லும் பெயரை அந்த வடிவத்தின் மேல் எழுத வேண்டும். வடிவத்தைப் பார்த்து ஊகித்தது, தரையில் போய்ப் பார்த்தது, மனிதர் சொல்லி அறிந்தது, ஆவணத்தால் உறுதியானது என்று ஒவ்வொரு மேட்டுக்கும் நான்கு தனித்தனிக் கட்டங்கள் வேண்டும். நான்கில் ஒன்று மட்டும் நிரம்பிய மேட்டைப் போர்ச்சின்னம் என்று அறிவிப்பதும், ஒன்றும் நிரம்பாத மேட்டைக் கழிவு என்று ஏலம் போடுவதும் ஒரே அளவுக்குத் தவறு.

அந்தப் பதிவேட்டில் ஐந்தாவதாக ஒரு கட்டமும் இருக்கட்டும்: இதை வெட்டியவர் யார், எந்த ஊரிலிருந்து வந்தார், என்ன கூலி பெற்றார். இது நிரம்புவது கடினம். சில மேடுகளுக்கு வெறுமையாகவே நிற்கும். ஆனாலும் கட்டம் இருந்தால்தான் அடுத்து வரும் ஆய்வாளர் அதை நிரப்பத் தேடுவார். லிபரேட்டரின் இறக்கை அகலத்தைச் சென்டிமீட்டர் சுத்தமாக அறிந்து வைத்திருக்கும் உலகம், அது நின்ற தரையைச் சமன் செய்தவளின் நாள்கூலியையும் அறிந்து வைத்திருக்கக் கடமைப்பட்டிருக்கிறது.